மருத்துவமனை இறப்பு வீத ஒப்பீடு

மருத்துவமனை இறப்பு வீத ஒப்பீடு என்பது வெவ்வேறு மருத்துவமனைகளில் நிகழும் நோயாளி இறப்புகளை, அங்கு வருபவர்களின் வயது, நோயின் கடுமை, வந்துசேரும் நிலை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு ஒப்பிடும் புள்ளியியல் முறை. 19ஆம் நூற்றாண்டின் ராணுவ மருத்துவக் கணக்குகளிலிருந்து உருவானது. தமிழகத்தில் இதன் தொடக்ககாலத் தடயங்களை திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சென்னைப் படையின் தென்பிரிவு ஆவணங்களில் காணலாம். 20ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழக அரசு நடத்திவரும் பேறுகால மரணத் தணிக்கை இதே சிக்கலுக்கு வேறொரு வழியில் விடை தேடியது.

காவிரியின் இரு கரைகள்

ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் நடுவே அமைந்த தீவு. அங்குள்ள அரசு மருத்துவமனை அளவில் சிறியது. காவிரிப் பாலத்தைக் கடந்தால் திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை உள்ளது. 1990களின் இறுதியில் தொடங்கப்பட்ட கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. திருச்சி மாவட்டத்திலிருந்து மட்டுமல்லாமல் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் பகுதிகளிலிருந்தும் கடுமையான நோயாளிகள் நீண்டகாலமாக இங்கு அனுப்பப்பட்டு வந்தனர்.

இப்படி அமைந்த எந்த இரு மருத்துவமனைகளிலும் ஆண்டு இறுதியில் இறப்புகளை எண்ணினால் பெரிய மருத்துவமனையில்தான் அதிகம் இருக்கும். நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தாலும் அதுவே அதிகமாக இருக்கும். மூச்சுத் திணறலோடு வரும் முதியவரை, ரத்தப்போக்கு நிற்காத பிரசவத்தை, தலையில் அடிபட்டவரை சிறிய மருத்துவமனை முதலுதவி செய்து ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புகிறது. 2008ல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தபின் இது இன்னும் விரைவாக நடக்கிறது. அனுப்பிய இடத்தின் பதிவேட்டில் அது ‘ரெஃபர்’ என்று முடியும். இறப்பு சேர்ந்த இடத்தின் பதிவேட்டில் ஏறும். ‘பெரியாஸ்பத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டார்கள்’ என்று தமிழக ஊர்களில் வழங்கும் பேச்சு இந்தப் பதிவேட்டுக் கணக்கின் வாய்மொழி வடிவம். அந்தப் பேச்சை நம்பி நோயாளியைத் தாமதமாகக் கொண்டுவருபவர்கள் அந்த எண்ணை மேலும் கூட்டுகிறார்கள்.

அந்த எண்ணிலிருந்து சிகிச்சையின் தரத்தை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது என்பதே இந்த முறையின் மையக் கேள்வி. அதற்கு விடை கிடைக்க நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

திருச்சிராப்பள்ளிப் படைநிலையம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைக்கு திருச்சிராப்பள்ளி முக்கியமான நிலையம். 1818ல் சென்னை மாகாணத்தில் காலரா பரவியபோது ஒவ்வொரு நிலையத்தின் படை மருத்துவரிடமிருந்தும் அறிக்கைகள் பெறப்பட்டன. அவற்றைத் தொகுத்து வில்லியம் ஸ்காட் எழுதிய காலரா அறிக்கை 1824ல் சென்னையில் அச்சாகியது. 1840களில் மருத்துவ வாரியம் பிரிவு பிரிவாக நிலையங்களின் நிலவியலையும் நோய்க் கணக்கையும் வெளியிட்டது. தென்பிரிவுக்கான தொகுதி 1843ல் வெளிவந்தது.

படைமருத்துவர்களின் கணக்கில் மூன்று எண்கள் அடிப்படையானவை: நிலையத்திலிருந்த வீரர்களின் எண்ணிக்கை, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்கள், இறந்தவர்கள். இறந்தவர்களை வீரர்களின் எண்ணிக்கையால் வகுக்கலாம், சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையாலும் வகுக்கலாம். இரண்டும் வெவ்வேறு கதை சொல்லும். 1000 பேர் கொண்ட ஒரு படையில் ஆண்டுக்கு 1500 சேர்க்கைகள், 30 இறப்புகள் என்று கொண்டால் முதல் கணக்கில் இறப்பு நூற்றுக்கு 3, இரண்டாவதில் 2. காலில் புண், லேசான காய்ச்சல் என்றாலும் படுக்கையில் சேர்க்கும் மருத்துவர் அங்கு இருந்து, சேர்க்கை 3000 ஆனால் இரண்டாவது எண் 1 ஆகிவிடும். ஒரு உயிரும் கூடுதலாகக் காப்பாற்றப்படவில்லை.

மூன்றாவதாக ஒரு ஓட்டையும் இருந்தது. நாள்பட்ட நோயாளிகளை ‘பணிக்குத் தகுதியற்றவர்’ என்று விடுவித்து ஊருக்கு அனுப்பிவிட்டால் அவர்களின் இறப்பு படையின் கணக்கில் வராது. அதனால்தான் அக்கால ராணுவப் புள்ளிவிவர அறிக்கைகள் நோய், இறப்பு என்ற இரண்டோடு நிற்காமல் பணிவிடுவிப்பையும் சேர்த்தே அட்டவணைப்படுத்தின. சென்னைப் படையின் மருத்துவரும், பின்னாளில் சென்னை அருங்காட்சியகத்தை 1851ல் நிறுவியவருமான எட்வர்டு பால்ஃபர் இத்தகைய கணக்குகளில் ஆர்வம் காட்டியவர். காலராவின் புள்ளிவிவரம் பற்றி 1849ல் ஒரு நூல் வெளியிட்டார். சென்னைப் படையின் சிப்பாய்கள் எந்தெந்த நோய்களுக்காக விடுவிக்கப்பட்டனர் என்பதையும் ஆராய்ந்தார்.

நைட்டிங்கேலும் ஃபாரும்

கிரிமியப் போரில் ஸ்கூட்டாரி மருத்துவமனையின் இறப்புகளைக் கண்ட ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் லண்டன் திரும்பியபின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறையின் புள்ளியியலாளர் வில்லியம் ஃபாருடன் இணைந்து பணியாற்றினார். இந்தியப் படைகளின் சுகாதாரம் குறித்து 1859ல் அமைக்கப்பட்ட அரச ஆணையத்திற்காக இந்தியாவின் படைநிலையங்களுக்கு அனுப்பப்பட்ட வினாப்பட்டியலை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. நைட்டிங்கேல் ஒருமுறைகூட இந்தியாவுக்கு வரவில்லை. நிலையங்களிலிருந்து வந்த விடைகளைக்கொண்டே எழுதினார். 1863ல் வெளிவந்த ஆணைய அறிக்கை இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் வீரர்களின் இறப்பு ஆண்டுக்கு 1000க்கு 69 என்றது. அதன் விளைவாக 1864ல் சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் அமைக்கப்பட்டன. பத்தாண்டுகள் கழிந்து அந்த எண் 18 ஆகக் குறைந்ததாக நைட்டிங்கேல் எழுதினார்.

படைக் கணக்கில் வெற்றிபெற்ற இருவரும் பொது மருத்துவமனைகளில் சறுக்கினர். 1863ல் வந்த தன் மருத்துவமனை நூலின் மூன்றாம் பதிப்பில் ஃபார் கணக்கிட்ட ஒரு அட்டவணையை நைட்டிங்கேல் வெளியிட்டார். அதன்படி லண்டனின் 24 மருத்துவமனைகளில் இறப்பு வீதம் 90.84. மாவட்டத் தலைநகரங்கள், முக்கியச் சிற்றூர்களின் 25 மருத்துவமனைகளில் 39.41. கடற்படை, ராணுவ மருத்துவமனைகள் 13ல் 15.67. லண்டன் மருத்துவமனைக்குள் சென்ற நூறு பேரில் தொண்ணூறு பேர் இறந்தார்கள் என்றே படிப்பவருக்குத் தோன்றும்.

உண்மையில் நடந்தது வேறு. 24 லண்டன் மருத்துவமனைகளில் 1861ஆம் ஆண்டு முழுவதும் இறந்தவர்கள் 3828 பேர். அதை 4214ஆல் வகுத்திருந்தார் ஃபார். 4214 என்பது 1861 ஏப்ரலில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நாளன்று அங்கு படுத்திருந்தவர்களின் எண்ணிக்கை. மேலே ஓராண்டின் இறப்பு, கீழே ஒரு நாளின் உள்நோயாளிகள். 100 படுக்கைகளும் எப்போதும் நிரம்பியிருக்கும் இரண்டு மருத்துவமனைகளைக் கற்பனை செய்தால் இதன் விபரீதம் புரியும். ஒன்றில் நோயாளி சராசரியாக 30 நாள் தங்குகிறார், ஆண்டுக்கு சுமார் 1217 பேர் வந்துபோவார்கள். மற்றதில் 10 நாள், 3650 பேர். இரண்டிலும் நூற்றுக்கு 5 பேர் இறந்தால் ஃபாரின் கணக்கில் முதல் மருத்துவமனையின் வீதம் 61, இரண்டாவதன் வீதம் 182. இருப்பவர்களைவிட இறப்பவர்கள் அதிகம். விரைவாகக் குணப்படுத்தி அனுப்பும் மருத்துவமனைதான் இதில் தண்டிக்கப்படும்.

லண்டன் மருத்துவ இதழ்களில் கடும் கண்டனம் எழுந்தது. ஜான் பிரிஸ்டோ, டிமதி ஹோம்ஸ் ஆகிய இருவரும் மருத்துவமனைகளை நேரில் ஆராய்ந்து, நகர மருத்துவமனைகளுக்குக் கடுமையான நோயாளிகளே வருகிறார்கள் என்றும் எந்த நோயாளியை ஏற்பது என்பது ஊருக்கு ஊர் மாறுகிறது என்றும் காட்டினர். ஃபார் தன் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. படுக்கையில் கழிந்த காலத்தை அளவாகக் கொள்வது பிழையல்ல என்பது அவர் வாதம். அதிலும் ஓரளவு நியாயம் உண்டு, ஆனால் அதை நோயாளிகளின் நூற்று வீதம் போலப் படிக்கும்படி அச்சிட்டது பெரும் பிழை. நைட்டிங்கேலின் வாழ்க்கை வரலாறுகள் பலவும் இந்த அத்தியாயத்தை விரைவாகக் கடந்துவிடுகின்றன. முறையியல் நோக்கில் அவர் வாழ்வின் பயனுள்ள தவறு இதுதான். ‘எதால் வகுப்பது’, ‘யார் வந்தார்கள்’ என்ற இரு கேள்விகளும் அதன்பின் எவராலும் தவிர்க்க முடியாதவையாயின.

சீட்டுக் குலுக்கலும் கிழமைகளும்

வருபவர்களில் வேறுபாடே இல்லையென்றால் ஒப்பீடு எளிது. வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவப் பிரிவுகள் இரண்டு இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றனர், மற்றதில் மருத்துவச்சிகள். எந்தப் பெண் எந்தப் பிரிவுக்குச் செல்வது என்பது வரும் நாளைப் பொறுத்தது. 1846ல் முதல் பிரிவில் 4010 பிரசவங்களில் 459 தாய்மார்களும், இரண்டாம் பிரிவில் 3754 பிரசவங்களில் 105 பேரும் இறந்தனர். நாள்முறை வைத்துப் பிரிந்ததால் கடுமையான பிரசவங்கள் ஒரு பக்கமாகக் குவிந்திருக்க வாய்ப்பில்லை. பிணப்பரிசோதனை முடித்துவிட்டு வரும் மாணவர்களின் கைகளே காரணம் என்று இக்னாஸ் ஸெம்மல்வைஸ் 1847ல் கண்டது இந்த எண்களின் தூய்மையால்தான்.

சென்னையில் இதே தர்க்கம் திட்டமிட்டே பயன்படுத்தப்பட்டது. 1956ல் தொடங்கப்பட்ட சேத்துப்பட்டு காசநோய் சிகிச்சை மையம் (இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் ஏழை நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதைப் போன்ற தற்செயல் முறையில் இரண்டாகப் பிரித்தது. ஒரு சாராருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்கு சானடோரியத்திலும் அதே மருந்துகள் தரப்பட்டன. வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே அளவு பலன் தந்தது என்று 1959ல் வெளியான முடிவு உலகெங்கும் காசநோய் சிகிச்சையை மாற்றியது. ஆனால் விபத்தில் அடிபட்டவரையும் மாரடைப்பு வந்தவரையும் எந்த மருத்துவமனைக்குச் செல்வது என்று சீட்டுப் போட்டுப் பார்க்க முடியாது. அங்குதான் கணக்கு தேவைப்படுகிறது.

எதிர்பார்க்கப்படும் இறப்பு

மக்கள்தொகை ஆய்வாளர்கள் ஊர்களை ஒப்பிட உருவாக்கிய தரப்படுத்தல் முறை மருத்துவமனைகளுக்கும் வந்தது. இதன் தர்க்கத்தைக் கற்பனையான ஓர் எடுத்துக்காட்டில் காணலாம்.

ஒரு சிறிய மருத்துவமனைக்கு 1000 நோயாளிகள் வருகிறார்கள். அவர்களில் 900 பேர் லேசான நோயாளிகள், 9 பேர் இறக்கிறார்கள். 100 பேர் கடும் நோயாளிகள், 30 பேர் இறக்கிறார்கள். மொத்தம் 39, அதாவது நூற்றுக்கு 3.9. ஒரு பெரிய மருத்துவமனைக்கும் 1000 பேர் வருகிறார்கள். லேசானவர்கள் 400, இறப்பு 2. கடுமையானவர்கள் 600, இறப்பு 120. மொத்தம் 122, நூற்றுக்கு 12.2. பெரிய மருத்துவமனையில் இறப்பு மூன்று மடங்கு. ஆனால் லேசான நோயாளிகளில் அங்கு இறப்பது ஆயிரத்துக்கு 5, சிறியதில் 10. கடும் நோயாளிகளில் அங்கு நூற்றுக்கு 20, சிறியதில் 30. இரு வகையிலும் பெரிய மருத்துவமனையே மேல்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் லேசான 1300 பேரில் 11 பேரும், கடுமையான 700 பேரில் 150 பேரும் இறந்திருக்கிறார்கள். இந்தப் பொதுவீதம் இரண்டு இடத்திலும் நிலவியிருந்தால் சிறிய மருத்துவமனையில் சுமார் 29 பேர் இறந்திருப்பார்கள், பெரியதில் சுமார் 132 பேர். இதுவே எதிர்பார்க்கப்படும் இறப்பு. உண்மையான இறப்பை இதனால் வகுத்து நூறால் பெருக்கினால் சிறியதற்கு 134, பெரியதற்கு 92. நூறுக்கு மேல் என்றால் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்று பொருள். இந்த விகிதத்திற்குத் தரப்படுத்தப்பட்ட இறப்பு விகிதம் என்று பெயர்.

லேசானது, கடுமையானது என்ற இரண்டு பெட்டிகளுக்குப் பதிலாக வயது, ரத்த அழுத்தம், சிறுநீரக நிலை, உடன் இருக்கும் நோய்கள் எனப் பலவற்றையும் சேர்த்து ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே இறப்பு வாய்ப்பைக் கணிப்பதுதான் இன்றைய முறை. தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்காக 1981ல் அமெரிக்காவில் வில்லியம் நாஸ் குழுவினர் உருவாக்கிய ‘அப்பாச்சி’ மதிப்பெண் அதன் புகழ்பெற்ற வடிவம். 1999ல் பிரையன் ஜார்மன் இங்கிலாந்தின் மருத்துவமனைகளுக்கு இத்தகைய விகிதங்களைக் கணக்கிட்டு வெளியிட்டார். சேர்க்கைப் பதிவேட்டில் எழுதப்படாத நோய் இந்தக் கணக்கிலும் இல்லை என்பது இதன் பலவீனம். சர்க்கரை நோயையும் பழைய மாரடைப்பையும் விடாமல் எழுதும் மருத்துவமனையின் எதிர்பார்ப்பு எண் உயரும், விகிதம் தாழும்.

ஸ்ரீரங்கத்தின் இறப்புக் கணக்கு

எங்கே இறந்தார் என்பதும் இந்தியச் சூழலில் எளிய கேள்வி அல்ல. திருச்சி நகராட்சி 1866லும் ஸ்ரீரங்கம் நகராட்சி 1871லும் உருவாயின. 1994ல் திருச்சி மாநகராட்சி அமைந்தபோது ஸ்ரீரங்கம் அதில் இணைந்தது. அதுவரை ஆற்றின் இரு கரைகளுக்கும் தனித்தனி இறப்புப் பதிவேடுகள் இருந்தன. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி இறப்பு நிகழ்ந்த இடத்தில்தான் பதியப்பட வேண்டும். ஸ்ரீரங்கத்துக்காரர் புத்தூரில் இறந்தால் அது திருச்சியின் இறப்பு.

மறுபுறம், வைகுண்ட ஏகாதசிக்கு வரும் பெருங்கூட்டத்தில் எவரேனும் இறந்தால் அது ஸ்ரீரங்கத்தின் கணக்கு. திருவிழா ஊர்களைக் காலராவின் ஊற்றுகளாகவே பார்த்த காலனியச் சுகாதார அதிகாரிகளின் அறிக்கைகளைப் படிக்கும்போது இதை நினைவில் கொள்ள வேண்டும். ஊரில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுக்கும்போது வந்துபோனவர்கள் கீழே இல்லை, மேலே மட்டும் இருக்கிறார்கள். அரங்கன் காலடியில் இறுதிக் காலத்தைக் கழிக்க விரும்பி முதுமையில் இங்கு குடியேறுபவர்களும் உண்டு. முதியவர் நிறைந்த ஊரின் இறப்பு வீதம் அங்குள்ள தண்ணீரையோ மருத்துவரையோ பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மருத்துவமனைக் கணக்கை மாற்றும் வழக்கம் இன்னொன்றும் உண்டு. ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்றானபின் உயிர் வீட்டில் பிரியட்டும் என்று உறவினர்கள் எழுதிக்கொடுத்து நோயாளியை அழைத்துச் செல்வது தமிழகத்தில் பரவலானது. மருத்துவமனையின் பதிவேட்டில் அது இறப்பு அல்ல. வசதியுள்ள குடும்பங்கள் நாடும் மருத்துவமனையில் இது அதிகமாகவும், அழைத்துச் செல்ல ஆளில்லாதவர்கள் வரும் மருத்துவமனையில் குறைவாகவும் இருக்கும் என்பதை ஊகிக்கலாம். அமெரிக்காவில் சேர்க்கையிலிருந்து 30 நாட்களுக்குள் எங்கு இறந்தாலும் எண்ணுவதும், இங்கிலாந்தில் 2011 முதல் வீடு திரும்பிய 30 நாட்களுக்குள் நிகழும் இறப்புகளைச் சேர்ப்பதும் இதைத் தடுக்கத்தான். மருத்துவமனைப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் ஆள் ஆளாக இணைக்கப்பட்டால் மட்டுமே இது சாத்தியம்.

பட்டியல்களும் விளைவுகளும்

1986ல் அமெரிக்க அரசு மருத்துவமனைகளின் இறப்பு வீதங்களை வெளியிட்டபோது பட்டியலின் கடைசியில் இருந்தது மரணப் படுக்கையில் உள்ளவர்களைப் பராமரிக்கும் இல்லம். நியூயார்க் மாநிலம் 1989 முதல் இதய அறுவைச் சிகிச்சை இறப்புகளைத் திரட்டி வெளியிட்டது. 1991ல் ஒரு நாளிதழ் வழக்குத் தொடுத்து அறுவைச் சிகிச்சையாளர்களின் பெயர்களையும் பெற்றது. அங்கு இறப்புகள் குறைந்தன. கடும் நோயாளிகள் வெளிமாநிலத்துக்கு அனுப்பப்பட்டதாலா என்ற விவாதம் இன்றுவரை முடியவில்லை.

கணக்குப் பார்க்காமல் விட்டதன் விலை பிரிஸ்டலில் தெரிந்தது. அங்குள்ள மருத்துவமனையில் 1991 முதல் 1995 வரை இதய அறுவைச் சிகிச்சை செய்யப்பட்ட ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், பிற மையங்களில் எதிர்பார்க்கத்தக்கதைவிட 30 முதல் 35 குழந்தைகள் அதிகமாக இறந்தனர் என்று 2001ல் விசாரணைக் குழு கூறியது. எண்கள் கைவசம் இருந்தன. அவற்றைப் பார்த்துக் கேள்வி கேட்கும் பொறுப்பு எவரிடமும் இல்லை. அந்த விசாரணைக்குப் பங்களித்த புள்ளியியலாளர் டேவிட் ஸ்பீகல்ஹால்ட்டர், தரவரிசைக்கு மாற்றாகப் புனல் வரைபடத்தை 2005ல் முன்வைத்தார். நோயாளிகள் குறைவான மருத்துவமனைக்கு அகலமான எல்லை, அதிகமானதற்குக் குறுகிய எல்லை. அந்தப் புனலுக்கு வெளியே விழுபவை மட்டுமே விசாரிக்கத்தக்கவை.

பேறுகால மரணத் தணிக்கை

பிரசவ மரணத்தில் புனலின் வாய் மிக அகலமானது. தமிழகத்தில் பேறுகால மரணம் 2001-03ல் ஒரு லட்சம் பிறப்புக்கு 134 ஆக இருந்து 2018-20ல் 54 ஆகக் குறைந்தது என்கிறது மாதிரிப் பதிவுத் திட்டம். 54 என்ற வீதத்தில் ஆண்டுக்கு 500 பிரசவம் பார்க்கும் மருத்துவமனையில் நான்கில் மூன்று ஆண்டுகள் ஒரு மரணமும் நிகழாது. நான்காவது ஆண்டில் ஒரு தாய் இறந்தால் அதன் வீதம் லட்சத்துக்கு 200 ஆகும். 10,000 பிரசவம் பார்க்கும் இடத்திலும் எதிர்பார்ப்பு 5.4தான். எந்தத் தவறும் இல்லாமலேயே ஓராண்டில் 2 மரணங்களும் மற்றோராண்டில் 10ம் நிகழலாம். இதில் தரவரிசை போடுவது வீண்.

சென்னையில் ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் பேறுகால மரணங்களின் காரணங்களை ஆராய்ந்து 1933ல் அறிக்கை வெளியிட்டிருந்தார். 1990களிலிருந்து தமிழக அரசு அந்த வழியை முறைப்படுத்தியது. ஒவ்வொரு பேறுகால மரணமும் அறிவிக்கப்பட வேண்டும். சுகாதாரப் பணியாளர்கள் இறந்தவரின் வீட்டுக்குச் சென்று விவரம் கேட்பார்கள். முதலில் எங்கு போனார்கள், எத்தனை மணிக்கு, யார் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், வண்டி எப்போது கிடைத்தது, ரத்தம் இருந்ததா என்று வரிசையாகக் கேட்கப்படும். மருத்துவமனைகளின் குறிப்பேடுகள் தனியே ஆராயப்படும். 2010ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் வகுத்த நெறிமுறையில் மாவட்ட ஆட்சியர் உறவினர்களையும் அழைத்து விசாரிக்க இடம் உண்டு.

புள்ளியியல் நோக்கில் இதன் முக்கியத்துவம், இறப்பு கடைசியாகச் சேர்ந்த மருத்துவமனையோடு முடிந்துவிடுவதில்லை என்பது. அந்தப் பெண் கடந்துவந்த ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, தனியார் நர்சிங் ஹோம் எல்லாம் விசாரணைக்குள் வருகின்றன. தாமதமாக அனுப்பியவர் ‘ரெஃபர்’ என்று எழுதித் தப்ப முடியாது. அதே சமயம் இதில் மறுபக்கமும் உண்டு. தணிக்கைக்கு அஞ்சிச் சிறிய மருத்துவமனைகள் சற்றே சிக்கலான பிரசவத்தையும் உடனே பெரிய மருத்துவமனைக்குத் தள்ளிவிடுகின்றன என்பது மகப்பேறு மருத்துவர்களிடையே நெடுங்காலமாகக் கேட்கும் குறை. நியூயார்க்கில் நடந்ததாகச் சொல்லப்பட்டதும் இதுவே.

புதுக்கோட்டையில் 2017லும் கரூரில் 2019லும் அரியலூரில் 2022லும் அரசு மருத்துவக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. முன்பு திருச்சிக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளில் ஒரு பகுதியினர் இப்போது அங்கேயே சிகிச்சை பெறுகிறார்கள். எனவே புத்தூர் மருத்துவமனையின் இறப்பு எண்ணை அதன் பத்தாண்டுக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட முனைபவரும், அதற்குள் அங்கு வந்துசேரும் நோயாளிகள் எவ்வாறு மாறியிருக்கிறார்கள் என்பதை முதலில் கணக்கிட வேண்டியிருக்கும்.